ஸ்க்ரோல் சாவில் மர முகச்சித்திரம்: புகைப்படம் முதல் சட்டகம் வரை

மெல்லிய பிளைவுட் பலகையில் அங்கங்கே துளைகள் வெட்டி, பின்னால் கறுப்பு அட்டை வைத்தால் அது ஒரு மனிதரின் முகமாகிவிடும். ஸ்க்ரோல் சா, அதாவது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தை அறுக்கும் மெஷினில் செய்யும் முகச்சித்திரத்தின் அடிப்படை இவ்வளவுதான். மரம் இருக்கும் இடம் வெளிச்சம், வெட்டி எடுத்த இடம் நிழல். இரண்டுக்கும் நடுவில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. பென்சிலில் வரைகிறவர் கன்னத்தை மெல்ல மெல்ல இருட்டாக்கிக்கொண்டே போகலாம். இங்கே ஒவ்வொரு புள்ளியும் மரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டையாக இருக்க வேண்டும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மிச்சமிருக்கும் மரம் முழுவதும் ஏதோ ஒரு வழியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். கண்மணிக்குள் மின்னும் சின்ன வெள்ளைப் புள்ளியைச் சுற்றி முழுதாக வெட்டினால் அது தரையில் விழுந்துவிடும். இப்படித் தனியே நிற்கும் துண்டைத் 'தீவு' என்பார்கள். தீவைக் கரையோடு சேர்க்க நாம் விடும் மெல்லிய மரக் கீற்று 'பாலம்'. இந்த இரண்டு சொற்களும் இனி அடிக்கடி வரும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கைத்திறனைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். மெஷினில் கோட்டின் மேலேயே போவது பழகப் பழக வந்துவிடும். முகம் அந்த ஆள் மாதிரி இருக்குமா, இருக்காதா என்பது மெஷினை ஆன் செய்வதற்கு முன்பே, பேட்டர்ன் (வெட்ட வேண்டிய இடங்களைக் காட்டும் வரைபடம்) போடும்போதே முடிவாகிவிடுகிறது. அதனால் கீழே பேட்டர்னுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போக வேண்டாம்.

எந்தப் புகைப்படம் வேலைக்கு ஆகும்

முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் உள்ள படம் வேண்டும். ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் சற்று மேலிருந்து விழும்படி எடுத்த படம் மிகப் பொருத்தம். மூக்கின் நிழல் ஒரு கன்னத்தில் விழுந்திருந்தால், வடிவம் தானாகவே கிடைத்துவிட்டது என்று அர்த்தம். நேருக்கு நேர் ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தை ஒதுக்கிவிடுங்கள். ஃப்ளாஷ் நிழலையெல்லாம் துடைத்துவிடும். கறுப்பு வெள்ளையாக மாற்றினால் இரண்டு கண், இரண்டு மூக்குத் துவாரம், ஒரு வாய் மட்டும்தான் மிஞ்சும்.

படத்தில் முகம் பெரிதாக இருக்கட்டும். கூட்டத்தோடு எடுத்த படத்திலிருந்து ஒரு தலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் கண் இமையே தெரியாது, நாமே ஊகித்து வரைய வேண்டியிருக்கும். ஊகித்து வரைந்த கண் வேறு யாருடையதாகவோ ஆகிவிடும்.

வயதானவர்களின் முகத்தில் கோடுகளும் மடிப்புகளும் இருப்பதால் வெட்டுவதற்கு நிறைய விஷயம் கிடைக்கும். தாடி, மீசை, சுருட்டை முடி எல்லாமே நமக்குச் சாதகம், பாலங்களை அவற்றுக்குள் ஒளித்துவிடலாம். குழந்தை முகம்தான் கடினம். வழுவழுப்பான கன்னத்தில் நிழலே இருக்காது. ஒரு கோடு கூடுதலாக வெட்டினாலும் குழந்தைக்கு வயதாகிவிடும். அதனால் முதல் வேலைக்குப் பேரனின் படத்தை எடுக்காமல் தாத்தாவின் படத்தை எடுங்கள். வேறொருவர் எடுத்த புகைப்படத்திலிருந்து செய்து விற்பதானால், எடுத்தவரிடம் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பேட்டர்ன்: பாதி வேலை இங்கேதான்

கிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும். முதலில் தலையும் தோளும் மட்டும் இருக்கும்படி படத்தைக் கத்தரித்து, பின்னணியை நீக்குங்கள். நிறத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் படமாக்குங்கள். லெவல்ஸ் கருவியில் வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் கொஞ்சம் பிரித்துவிட்டு, லேசாக காஸியன் ப்ளர் கொடுங்கள். இந்த மங்கல் அவசியம்; இல்லையென்றால் தோலின் துவாரங்களும் படத்தின் புள்ளிகளும் நூற்றுக்கணக்கான தூசுப் பொட்டுகளாக வந்து நிற்கும். அப்புறம் த்ரெஷோல்டு: ஓர் அளவுக்கு மேல் வெளிச்சமானதை வெள்ளையாகவும் மற்றதைக் கறுப்பாகவும் ஆக்கும் கருவி. அந்த ஸ்லைடரை நகர்த்தும்போது முகம் கறுப்பு வெள்ளையாகப் பிரிவதைப் பார்க்கலாம்.

ஒரே த்ரெஷோல்டு அளவு முழு முகத்துக்கும் சரிவராது. கண் சரியாக வரும் அளவில் முடி முழுக் கறுப்பாகிவிடும். முடியில் இழைகள் தெரியும் அளவில் கன்னம் வெளிறிப்போகும். படத்தை மூன்று லேயர்களாகப் பிரதி எடுத்து, கண்ணுக்கு ஒன்று, கன்னத்துக்கும் வாய்க்கும் ஒன்று, முடிக்கும் உடைக்கும் ஒன்று என்று தனித்தனி அளவு வையுங்கள். பிறகு லேயர் மாஸ்க் போட்டு, ஒவ்வொன்றிலும் தேவையான பகுதியை மட்டும் தெரியவிட்டு ஒன்றாக்குங்கள்.

இப்போது படத்தைத் தபால்தலை அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள், அல்லது நாலு எட்டுப் பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அந்த ஆள் தெரிகிறாரா? தெரியவில்லை என்றால் இங்கேயே திருத்த வேண்டும். மரத்துக்குப் போன பிறகு சரியாகிவிடும் என்று நம்பிப் பயனில்லை.

அடுத்தது தீவு வேட்டை. பெயிண்ட் பக்கெட் கருவியை எடுத்து, வெள்ளைப் பகுதியில் ஏதாவது ஓரிடத்தில் மஞ்சள் நிறத்தைக் கொட்டுங்கள். ஒன்றோடொன்று தொடர்புள்ள மரம் முழுவதும் மஞ்சளாகிவிடும். மஞ்சளாகாமல் வெள்ளையாகவே நிற்பதெல்லாம் தீவு. கண்ணால் தேடினால் ஒன்றிரண்டு எப்படியும் தப்பிவிடும், இந்த முறையில் எதுவும் தப்பாது. கறுப்பு வெள்ளைப் படத்தின் ஓரங்கள் மங்கலாக இருந்தால் நிறம் கசியும் என்பதால், த்ரெஷோல்டுக்குப் பிறகே இதைச் செய்யுங்கள்.

ஒவ்வொரு தீவுக்கும் மூன்று வழிகள் உண்டு. சிறியதாக, முக்கியமில்லாததாக இருந்தால் கறுப்பில் கரைத்துவிடலாம். பெரியதாக இருந்தால் பாலம் போடலாம். பக்கத்து வெள்ளைப் பகுதியை இழுத்து வந்து சேர்த்துவிடவும் செய்யலாம். பாலம் போடும்போது உடலில் ஏற்கெனவே உள்ள வடிவத்தைப் பின்பற்றுங்கள்: கண்ணில் இமை மடிப்பு, முடியில் அதன் ஓட்டம், சட்டையில் மடிப்பு. வடிவத்துக்குக் குறுக்கே போகும் பாலம் தழும்பாகத் தெரியும்.

பாலத்தின் அகலம் 3 மி.மீ. பிளைவுட்டுக்கு 1.5 மி.மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், பழகும்வரை 2 மி.மீ. நல்லது. ஒரு முனையில் மட்டும் ஒட்டிக்கொண்டு நாக்கு நீட்டியது போல் தொங்கும் மரக் கீற்றுகளையும் கவனிக்க வேண்டும். முடியில் இவை நிறைய வரும். பிளேடு மேலே ஏறும்போது இந்த நாக்குகள் படபடவென்று அதிர்ந்து உடையும். முடிந்தவரை மறு முனையையும் எங்காவது இணைத்துவிடுங்கள், அல்லது அடிப்பகுதியைத் தடிமனாக்கிக் கூம்பு வடிவில் கொண்டுவாருங்கள்.

கண், மூக்கு, வாய்

கண்தான் முகம். கருவிழியும் மேல் இமையின் நிழலும் ஒரே கறுப்பாகச் சேரட்டும். கண்ணைச் சுற்றி முழுக் கோடு இழுத்துவிட்டால் பொம்மைக் கண் ஆகிவிடும். கீழ் இமையைப் பாதி திறந்தே விடுங்கள். கருவிழிக்குள் வரும் ஒளிப்பொட்டு இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். அதை மெல்லிய பாலத்தால் கருவிழிக்குப் பக்கத்திலுள்ள வெள்ளை விழியோடோ, மேல் இமையோடோ சேர்க்கலாம். இந்தப் பொட்டு இல்லாமல் வெட்டினால் பார்வையில் உயிர் இருக்காது. எனவே மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

எவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டும் என்பதையும் இந்தப் பொட்டே தீர்மானிக்கிறது. நேராகப் பார்க்கும் முகத்தின் அகலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் ஒரு கண்ணின் அகலம். முகம் 10 செ.மீ. அகலம் என்றால் கண் 2 செ.மீ. வரும், ஒளிப்பொட்டுக்கு 2 மி.மீ. கிடைக்கும், வெட்டலாம். முகம் 6 செ.மீ. என்றால் கண் 12 மி.மீ.தான். ஒளிப்பொட்டு 1 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும், பாலத்தோடு சேர்த்து வெட்ட இடமே இருக்காது. ஏ4 தாளை நிரப்பும் அளவில் தலை இருப்பது தொடக்கத்துக்கு ஏற்றது. சிறிய படம் சுலபம் என்று நினைத்துச் சிறிதாக ஆரம்பிப்பவர்கள் கடினமான பக்கத்திலிருந்து நுழைகிறார்கள்.

மூக்குக்கு இரண்டு துவாரங்களும் ஒரு பக்க நிழலும் போதும். இரு பக்கமும் கோடு இழுக்காதீர்கள். வாய்க்கு, உதடுகள் சேரும் கோடும் கீழ் உதட்டுக்குக் கீழே விழும் நிழலும்தான் முக்கியம். சிரிக்கும் படத்தில் பற்களுக்கு நடுவே கோடு வெட்டவே கூடாது. வெட்டினால் ஒவ்வொரு கோடும் பல் விழுந்த இடைவெளியாகத் தெரியும். பல் வரிசை முழுவதையும் ஒரே வெள்ளைப் பட்டையாக விட்டு, இரு ஓரங்களில் மரத்தோடு சேர்த்துவிடுங்கள்.

வெளிச்சம் விழும் பக்கத்துக் கன்னத்தின் ஓரத்தைத் திறந்தே விடுவது எனக்குப் பிடித்தமான விஷயம். கோடே இல்லாவிட்டாலும் பார்ப்பவர் கண் தானாகக் கன்னத்தை முடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் எல்லை வரைய வேண்டும் என்ற ஆசையை அடக்கினால் படம் பிழைக்கும்.

எல்லாம் சரியானதும் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் திறந்து ட்ரேஸ் பிட்மேப் கொடுத்தால் ஓரங்கள் வழுவழுப்பான கோடுகளாகும். அச்சிடும்போது வெட்ட வேண்டிய பகுதியைக் கறுப்பாக விடாமல் வெளிர் சாம்பல் நிறமாக்கி, சுற்றிலும் மெல்லிய கறுப்புக் கோடு கொடுங்கள். முழுக் கறுப்பின் மேல் பிளேடு எங்கே இருக்கிறது என்றே தெரியாது, துளைக்குக் குறித்த புள்ளியும் தெரியாது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மெஷினுக்கு எதிரே மாட்டி வைத்தால் வேலையின் நடுவே குழப்பம் வராது.

மரம்

பால்டிக் பிர்ச் பிளைவுட்டுக்கு இந்த வேலையில் தனி இடம் உண்டு. நிறம் வெளிர், ரேகை அடக்கமானது, எல்லா அடுக்கும் பிர்ச் என்பதால் நடுவில் பொந்து வருவது குறைவு. 3 மி.மீ. பலகையில் மூன்று அடுக்கும் 6 மி.மீ. பலகையில் ஐந்து அடுக்கும் இருக்கும். நுணுக்கமான முகத்துக்கு 3 மி.மீ. ஏற்றது. பிர்ச் கிடைக்காவிட்டால், வெளிர் நிறமும் அடக்கமான ரேகையும் உள்ள வேறு நல்ல பிளைவுட் எடுக்கலாம். முகத்தின் நடுவே கணுவோ அடர்ந்த ரேகையோ வந்தால் அது தழும்பாகத் தெரியும். பலகையைத் திருப்பி, சுத்தமான பகுதி முகத்துக்கு வரும்படி வையுங்கள். பிளைவுட் அல்லாத முழு மரப் பலகையில் ரேகைக்குக் குறுக்கே போகும் மெல்லிய பாலங்கள் பட்டென்று முறியும், முதலில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வெட்டுவதற்கு முன்பே இரு பக்கமும் 220 எண் உப்புத்தாளால் தேய்த்து முடித்துவிடுங்கள். வெட்டிய பிறகு அழுத்தித் தேய்த்தால் பாலங்கள் போய்விடும்.

இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரங்களில் டேப் சுற்றி வெட்டும் முறையை நான் வலுவாகச் சிபாரிசு செய்வேன். ஒரே உழைப்பில் இரண்டு படம் கிடைப்பது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம், 6 மி.மீ. தடிமன் பிளேடுக்குச் சற்று எதிர்ப்புக் கொடுப்பதால் கை நிதானப்படும். தனி 3 மி.மீ. பலகையில் பிளேடு வெண்ணெய்க்குள் போவதுபோல் ஓடி, கோட்டைத் தாண்டிவிடும்.

மெஷினும் பிளேடும்

ஸ்க்ரோல் சா பிளேடுகள் பொதுவாக 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. நீளம். இரு முனையிலும் குறுக்கே சின்னப் பின் (குறுக்குக் கம்பி) உள்ளவை ஒரு வகை, பின் இல்லாதவை இன்னொரு வகை. முகச்சித்திரத்துக்கு, முனையில் பின் இல்லாத பிளேடு மாட்டும் மெஷின்தான் வேண்டும். பின் நுழைகிற அளவுக்குத் துளை போட்டால் கண்ணே போய்விடும். ஏற்கெனவே வைத்திருக்கும் மெஷின் பின் பிளேடு மட்டும் ஏற்பது என்றால், அதற்கு அடாப்டர் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் பிளேடின் மேல் முனையைக் கருவி இல்லாமல் கையாலேயே கழற்றி மாட்ட முடிகிறதா என்று பாருங்கள். ஒரு முகத்தில் நூறு, இருநூறு துளைகள் சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் பிளேடைக் கழற்றி, துளைக்குள் விட்டு, மறுபடி மாட்ட வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி அவசியம். காலால் மிதிக்கும் சுவிட்ச் இருந்தால் இரண்டு கையும் மரத்தின் மேலேயே இருக்கும். அது மிகப் பெரிய உதவி. பிளேடிலிருந்து பின்பக்கத் தூண் வரை உள்ள ஆழம் 16 அங்குலமாவது இருந்தால் ஏ4 அளவுப் படத்தைச் சுற்றித் திருப்ப இடம் கிடைக்கும்.

பிளேடு எண் கூடக் கூட அகலமும் தடிமனும் கூடும். 5-ஆம் எண் சுமார் 1 மி.மீ. அகலம், முகத்துக்கு அது பெரிது. 1-ஆம் எண்ணும் 2/0-வும் (இது 0-ஐவிடவும் மெல்லியது) பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். இரட்டைப் பலகைக்கு 1, கண்ணுக்கு 2/0 என்று தொடங்கலாம். கீழ் முனையில் சில பற்கள் மேல்நோக்கி இருக்கும் தலைகீழ்ப்பல் பிளேடு வாங்கினால் பலகையின் அடிப்பக்கம் சிராய் பெயர்வது குறையும். மாட்டிய பிறகு, பிளேடு உச்சத்தில் நிற்கும்போது அந்தத் தலைகீழ்ப் பற்களில் இரண்டு மூன்று மேஜைக்கு மேல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அவை வேலையே செய்யாது.

முறுக்கு பிளேடு என்று ஒன்று உண்டு. கம்பியை முறுக்கியது போல் இருக்கும், சுற்றிலும் பல் இருப்பதால் எந்தத் திசையிலும் வெட்டும். மரத்தைத் திருப்பாமலே முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தி வெட்டலாம். முடி, தாடி போன்ற நெளிவு மிகுந்த இடங்களுக்கும், மெஷினின் ஆழத்தைவிடப் பெரிய பலகைக்கும் இது கைகொடுக்கும். ஆனால் வெட்டு அகலம் அதிகம், ஓரம் சொரசொரப்பு, அதோடு மர ரேகை இழுக்கும் பக்கமே ஓடப் பார்க்கும். சுத்தமான நேர்கோடும் கூர்மூலையும் வேண்டிய கண், வாய், கண்ணாடி பிரேமுக்குத் தட்டை பிளேடே நல்லது.

ஒட்டுவதும் துளையிடுவதும்

பலகையின் மேல் பெயிண்டர்கள் பயன்படுத்தும் நீல டேப்பை வரிசையாக ஒட்டுங்கள். அச்சிட்ட தாளின் பின்பக்கம் ஸ்ப்ரே பசை அடித்து, அரை நிமிடம் காயவிட்டு, டேப்பின் மேல் சுருக்கமில்லாமல் பதியுங்கள். கடைசியில் டேப்போடு சேர்ந்து தாளும் உரிந்து வந்துவிடும். தாளுக்கு மேலே பார்சல் ஒட்டும் தெளிவான டேப் ஒன்றும் போட்டால் மரம் கருகுவது குறையும்.

எல்லாத் துளைகளையும் முதலிலேயே போட்டு முடித்துவிடுங்கள். கண்ணுக்கும் நுண்ணிய கீற்றுகளுக்கும் 1 மி.மீ. பிட், மற்ற இடங்களுக்கு 1.5 முதல் 2 மி.மீ. போதும். பலகைக்கு அடியில் ஒரு வேண்டாத பலகை வைத்துத் துளைத்தால் அடிப்பக்கம் சிராய் எழாது. குறுகிய இடமாக இருந்தால் அதன் அகலமான பகுதியிலும், பெரிய இடமாக இருந்தால் கோட்டுக்குப் பக்கத்திலும் துளை போடுங்கள். நடுவில் போட்டால் கோட்டை அடையும்வரை வெட்டுவது வீண் வேலை. முடிந்ததும் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். துளை ஓரத்தில் பிசிறு நின்றால் பலகை மேஜையில் வழுக்காமல் சிக்கும்.

வெட்டு

மரத்தூள் சாதாரண விஷயமில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. என்95 முகமூடி, கண்ணாடி இரண்டும் போட்டுக்கொண்டே உட்காருங்கள். மெஷினின் ஊதுகுழாய் கோட்டை மூடும் தூளை மட்டும்தான் தள்ளும், காற்றில் இருப்பதை எடுக்காது. பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

பிளேடைப் பற்கள் முன்னோக்கியும் கீழ்நோக்கியும் இருக்கும்படி மாட்டி இறுக்கி, விரலால் சுண்டினால் 'டிங்' என்று தெளிவான ஒலி வர வேண்டும். மொத்தென்று கேட்டால் இறுக்கம் போதாது. தளர்ந்த பிளேடு கோட்டைவிட்டு விலகும், வெட்டும் சாயும். அடுத்து சின்ன மூலமட்டத்தைப் பிளேடுக்குப் பக்கத்தில் வைத்து மேஜைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைப் பலகையில் இது சற்றே சாய்ந்தாலும் மேல் படமும் கீழ் படமும் வேறு வேறு முகங்களாகிவிடும்.

மேஜையில் பிளேடு நுழையும் ஓட்டை பெரிதாக இருந்தால், ஒரு பிளாஸ்டிக் அட்டையில் சின்னத் துளை போட்டு அதன்மேல் ஒட்டிவிடுங்கள். மெல்லிய பாலங்களுக்கு அடியில் தாங்கல் இருக்கும், நுண்ணிய துண்டுகள் உள்ளே விழுந்து சிக்கவும் சிக்காது.

எந்த வரிசையில் வெட்டுவது என்பது முக்கியமான கேள்வி. பலகை முழுதாக, விறைப்பாக இருக்கும்போதே மிக நுண்ணிய இடங்களை முடிக்க வேண்டும். எனவே கண், மூக்கு, வாய், பிறகு கன்னக் கோடுகள், அதன்பின் முடியும் உடையும் என்று நடுவிலிருந்து வெளியே வாருங்கள். எங்கே இருந்தாலும் பெரிய துவாரங்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முடியின் பெரிய கறுப்புப் பகுதியை ஆவலில் முதலில் எடுத்துவிட்டால், நெற்றியே தாங்கலில்லாமல் ஆடத் தொடங்கும்.

வேகத்தை நடுத்தரத்தில் வையுங்கள், கண்ணுக்கு இன்னும் குறையுங்கள். இரண்டு கை விரல்களும் பலகையைத் தட்டையாக மேஜையோடு அழுத்தியபடி இருக்கட்டும். பிளேடை நோக்கி மரத்தை ஊட்டுவது மட்டும்தான் உங்கள் வேலை, வெட்டுவது பிளேடின் வேலை. பக்கவாட்டில் தள்ளினால் பிளேடு வளைந்து, கையை விட்டதும் துள்ளும். தட்டை பிளேடுகள் தயாரிப்பின்போது ஒரு பக்கம் சற்றுப் பிசிறு நிற்பதால் நேராக ஊட்டினாலும் ஒரு பக்கம் விலகிப் போகும். வேண்டாத பலகையில் நாலு நேர்கோடு வெட்டிப் பாருங்கள், எவ்வளவு சாய்த்து ஊட்ட வேண்டும் என்பதைக் கை கற்றுக்கொள்ளும்.

கூர்மூலையில் நின்று திருப்பினால் மூலை உருண்டுவிடும். மூலை வரை போய், வந்த வழியே கொஞ்சம் பின்வாங்கி, வெட்டி எறியப்போகும் பக்கத்தில் சுற்றி வந்து, மறு பக்கத்திலிருந்து அதே மூலையைச் சந்தியுங்கள். கண் ஓரம், உதட்டு ஓரம், காலர் நுனி எல்லாமே இப்படித்தான் கூர்மையாகும்.

கோட்டைவிட்டு விலகினால் வெடுக்கென்று திரும்ப இழுக்காதீர்கள். ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் மெல்லக் கோட்டுக்கு வந்து சேருங்கள். முடியில் அரை மி.மீ. விலகல் யாருக்கும் தெரியாது. கண்ணிலும் உதட்டு ஓரத்திலும் அதே அரை மி.மீ. முகபாவத்தை மாற்றிவிடும், அங்கே மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

பிளேடு மழுங்கியதைத் தெரிந்துகொள்வது எளிது: மரத்தை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும், ஓரம் கருகும். அப்போதே மாற்றிவிடுங்கள். உடையும்வரை ஓட்டிச் சிக்கனம் பார்த்தால் ஒரு பாலத்தை இழப்பீர்கள். கண்ணுக்குப் போகும்போது எப்போதும் புது பிளேடு.

பாலம் முறிந்துவிட்டாலும் கதை முடிந்துவிடாது. துண்டைத் தேடி எடுத்து, ஒரு துளி சூப்பர் க்ளூவை ஊசி முனையில் தொட்டு ஒட்டுங்கள். பலவீனமான பகுதிக்கு மேல் குறுக்கே ஒரு டேப் துண்டை ஒட்டிவிட்டுப் பக்கத்து வேலையைத் தொடரலாம்.

உரிப்பது, சுத்தம், பூச்சு

டேப்பை உரிப்பதில்தான் பொறுமை வேண்டும். மேலே தூக்கி இழுக்காமல், பலகையை ஒட்டிப் பின்னோக்கி மடித்து, சிறு சிறு துண்டாக உரியுங்கள். ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் பசை இளகும். நாக்கு போன்ற கீற்றுகளில் அடியிலிருந்து நுனியை நோக்கி உரிக்க வேண்டும், மாறிப் போனால் கீற்றும் கூடவே வரும்.

அடிப்பக்கம் எழுந்திருக்கும் பிசிறை 220 எண் உப்புத்தாளால் வருடுவது போல் எடுங்கள். துவாரங்களின் உள்ளே சின்ன ஊசி அரம் போதும். மிருதுவான பிரஷ்ஷால் தூளைத் தட்டிவிடுங்கள்.

பூச்சுக்கு பிரஷ் வேண்டாம். அதன் மயிர் பாலங்களில் சிக்கும், துவார ஓரங்களில் வார்னிஷ் தேங்கும். ஸ்ப்ரே லாக்கரை மெல்லியதாக மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடித்தால் போதும். மரத்தின் நிறம் ஆழமாக வேண்டும் என்றால் தட்டில் டேனிஷ் ஆயில் (மரத்துக்குப் பூசும் உலரும் எண்ணெய்) ஊற்றி முழுப் படத்தையும் முக்கி எடுத்து, துணியால் ஒற்றியெடுக்கலாம். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். உலரும் எண்ணெய் தானே சூடாகித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைத்துவிட்டு, பிறகு எறியுங்கள். இன்னொன்று: எண்ணெய் மரத்தை மஞ்சளாக்கும், அதனால் நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு கொஞ்சம் குறையும். முகத்துக்கு நான் லாக்கரையே விரும்புகிறேன்.

பின்னணியும் சட்டகமும்

பின்னால் வைக்கும் கறுப்பு, மினுமினுப்பு இல்லாததாக இருக்க வேண்டும். மேட் கறுப்பு அடித்த 3 மி.மீ. பலகை, கறுப்பு ஃபெல்ட், கெட்டிக் கறுப்பு அட்டை எதுவும் சரி. பளபளக்கும் பெயிண்ட் அடித்தால் அறையின் விளக்கு அதில் தெரியும், நிழல் இடம் வெளுத்துவிடும். பழுப்பு, அடர்நீலம் போன்றவையும் அழகுதான், ஆனால் கண்ணின் ஆழம் கறுப்பில் வருவது போல் வேறெதிலும் வராது.

மரப் பசையைப் பல்குச்சியால் சின்னப் பொட்டுகளாக அகலமான பகுதிகளின் பின்புறம் மட்டும் வையுங்கள். மெல்லிய கீற்றுகளில் வைத்தால் பிதுங்கி வெளியே வந்து கறுப்பின் மேல் வெள்ளைக் கறையாக நிற்கும். நிறையப் பசை தேவையில்லை, சட்டகமே சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மேலே ஒரு தட்டைப் பலகையும் நாலு புத்தகமும் வைத்து ஓர் இரவு விடுங்கள்.

படத்தைப் பின்பலகையிலிருந்து இரண்டு மூன்று மி.மீ. தள்ளி, ஓரங்களில் மட்டும் தாங்கல் வைத்துப் பொருத்துபவர்களும் உண்டு. பக்கவாட்டு வெளிச்சத்தில் மரத்தின் நிழல் பின்னால் விழுந்து ஆழம் கூடும். அதற்கு ஏற்றது கறுப்பல்ல, சற்று வெளிர்ந்த பின்னணி. கறுப்பில் நிழல் தெரியாதே. நுணுக்கம் மிகுந்த முகத்துக்கு ஒட்டிவைப்பதே கூர்மையாக இருக்கும்.

சட்டகத்துக்குக் கண்ணாடி போடாமல் விட்டால் மரத்தின் தோற்றம் நேராகக் கிடைக்கும், ஆனால் தூசு சேரும். மாதம் ஒருமுறை மிருதுவான பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டியிருக்கும். மாட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, மூலப் புகைப்படத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்ததோ அதே பக்கம் ஜன்னலோ விளக்கோ இருக்கும் சுவரைப் பாருங்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால், வெட்டிய நிழல் ஒரு பக்கமும் துவார ஓரங்களின் நிழல் மறு பக்கமும் விழுந்து கண்ணை உறுத்தும். இரட்டைப் பலகையில் கிடைத்த இரண்டாவது பிரதியின் பின்புறம் பேட்டர்ன் தாளின் மிச்சப் பிரதியை மடித்து ஒட்டி, எந்த பிளேடு, எந்த பிட் என்று குறித்து வைத்துவிடுங்கள், அடுத்த முகத்துக்கு அதைப் பார்த்தே தொடங்கலாம்.